பிளாஸ்டிக் பரப்பில் பத்து நானோமீட்டர் வேலை

பாலிப்ரொப்பிலீன் ஃபிலிமில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பரவாமல் திரண்டு நிற்கும். அதே ஃபிலிமைச் சுருளிலிருந்து வேகமாக இழுத்தால் பல ஆயிரம் வோல்ட் நிலைமின்சாரம் ஏறி, இறங்க வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பரப்பில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. நீர் மூலக்கூறு பற்றிக்கொள்ள முனைவுள்ள தொகுதி, அதாவது ஒரு பக்கம் சற்று நேர்மின்னும் மறுபக்கம் சற்று எதிர்மின்னும் கொண்ட அணுக்கூட்டம், எதுவும் அங்கே இல்லை.

இந்த ஃபிலிமின் பரப்பு ஆற்றல், அதாவது திரவத்தைத் தன்மேல் பரவவிடும் திறன், மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன். தண்ணீரின் பரப்பு இழுவிசை 72-க்கும் மேல். அதனால்தான் சொட்டின் விளிம்பு ஃபிலிமோடு சேரும் தொடுகோணம் 100 டிகிரியை ஒட்டி நிற்கிறது. அச்சு மையோ பசையோ ஒழுங்காக ஒட்ட, பரப்பு ஆற்றலை 38 முதல் 42 வரையாவது ஏற்ற வேண்டும்.

அதற்கு ஆலைகளில் பெரும்பாலும் கரோனா என்ற மின்பொறிவு முறையைத்தான் கையாளுகிறார்கள். ஃபிலிம் ஒரு ரோலர்மேல் ஓடும். அதற்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் மேலே உள்ள மின்முனைக்குப் பத்தாயிரம் வோல்ட் அளவில், 10 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் மின்சாரம் போகும். இடையிலுள்ள காற்று அயனியாகி, அதில் பிறக்கும் அணு ஆக்சிஜனும் ஓசோனும் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியைத் தாக்கி ஹைட்ராக்சில், கார்பொனைல், கார்பாக்சில் என்ற முனைவுள்ள தொகுதிகளைப் பொருத்துகின்றன. மாற்றம் பத்து நானோமீட்டர் ஆழத்தோடு ஏறக்குறைய நின்றுவிடும். உள்ளே ஃபிலிம் பழைய ஃபிலிம்தான்.

அளவு கணக்கிடுவது எளிது. 2000 வாட், 1 மீட்டர் அகலம், நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகம் என்றால் சதுர மீட்டருக்கு 20 வாட்-நிமிடம். வேகத்தைக் குறைத்துவிட்டு வாட்டைக் குறைக்க மறந்தால் பரப்பு கெடும். சங்கிலிகள் துண்டு துண்டாக அறுந்து, பரப்பின்மேல் ஒட்டாத குப்பையாகக் கிடக்கும். அப்போது டைன் பேனாவால் (பரப்பு ஆற்றலைச் சோதிக்கும், எண் குறித்த மைப்பேனா) கோடு போட்டால் இரண்டு விநாடி சுருங்காமல் அழகாக நிற்கும். ஆனால் அச்சு மையின்மேல் டேப் ஒட்டி இழுத்தால், மை அந்தக் குப்பையோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். பேனாவை மட்டும் நம்பக் கூடாது என்பது இதனால்தான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டு, மறுபடி கோடு போட்டுப் பாருங்கள். எண் சட்டென்று இறங்கினால் அளவு மிஞ்சிவிட்டது. இன்னொரு கோளாறு பின்பக்கத்தில் வரும்: ரோலருக்கும் ஃபிலிமுக்கும் நடுவே காற்று சிக்கினால் அங்கேயும் கரோனா எரிந்து, சுருளில் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மின்பக்கம் பார்ப்போம். புதிதாக வந்த தொகுதிகள் காற்றின் ஈரத்தை இழுத்து மெல்லிய நீர்ப்படலம் ஆக்குகின்றன. அதில் அயனிகள் நகர்ந்து மின்னேற்றம் மெல்லக் கசிகிறது. ஆனால் கரோனாவை மட்டும் நம்பி நிலைமின்சாரத்தை அடக்க முடியாது. பிளாஸ்டிக்கிலேயே கலக்கும் கிளிசரால் மோனோஸ்டியரேட் போன்ற சேர்மானம் கைகொடுக்கும். அதற்கும் ஈரம் தேவை. காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் அதன் பலன் மங்கிவிடும். ஆகவே பரப்பு மின்தடையை எந்த ஈரப்பதத்தில் அளந்தார்கள் என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

வறண்ட காற்றிலும் மின்சாரம் கசிய வேண்டுமென்றால் பெடாட்-பிஎஸ்எஸ் போன்ற கடத்தும் பாலிமரைப் பூசுவதே சரி. இது நீரில் கலந்த கரைசல். வெறும் ஃபிலிமில் ஊற்றினால் திரண்டு ஊசித்துளை விழும். முதலில் பிளாஸ்மா (கரோனாவைப் போலவே அயனியான வாயு) கொடுத்து, ஆறவிடாமல் உடனே பூச வேண்டும். கரைசலில் 5 சதவீத டைமெத்தில் சல்ஃபாக்சைடு சேர்த்தால் கடத்துதிறன் நூறு மடங்குக்கு மேலும் உயரக்கூடும். பாலியெஸ்டர் ஃபிலிமில் 120 டிகிரியில் உலர்த்தலாம். பாலிஎத்திலீன் அந்தச் சூட்டில் உருகத் தொடங்கிவிடும், அதற்கு வெப்பத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள்.

எந்தப் பரப்பும் அப்படியே இருந்துவிடாது. முனைவுள்ள தொகுதிகள் நாள்பட உள்நோக்கித் திரும்பும். ஃபிலிம் வழுக்கி ஓடுவதற்காக உள்ளே கலந்த எருகமைடு போன்ற வழுக்குப் பொருள் மேலே கசிந்து அவற்றை மூடும். சிலிக்கோன் ரப்பரில் பரப்பு இப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவது சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். உயர்மின்னழுத்தக் கம்பிகளைத் தாங்கும் சிலிக்கோன் காப்பான்களில் இதுவே நன்மை: உப்புப் படிந்த பரப்பிலும் உள்ளிருந்து வரும் சிறு மூலக்கூறுகள் நீரை விலக்கி, மின்கசிவைத் தடுக்கின்றன. அச்சு வேலைக்கோ அது கேடு. அதனால் ஃபிலிம் செய்யும்போதே ஒருமுறை கரோனா கொடுத்துவிட்டு, அச்சு இயந்திரத்தில் மைக்குச் சற்று முன்பாகக் குறைந்த அளவில் இன்னொரு முறை கொடுக்கிறார்கள். முதல்முறை தவறவிட்டு, எருகமைடு மேலே வந்த பழைய சுருளைப் பிறகு தேற்றுவது பெரும்பாடு.