ஐம்பது சொட்டு வேப்பெண்ணெய் எவ்வளவு?

கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: மொட்டைமாடிச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னார்கள், என்னிடம் இருப்பது அரை லிட்டர் ஸ்பிரேயர், மில்லிக்கு 20 சொட்டு என்று 50 சொட்டு விட்டு அடித்தும் பூச்சி அப்படியே இருக்கிறது, எண்ணெய் கலப்படமா?

எண்ணெய் நல்லதாகவே இருக்கலாம், கணக்குதான் உதைக்கிறது. மில்லிக்கு 20 சொட்டு என்பது தண்ணீர்க் கணக்கு. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் சாதாரண டியூப் அந்தக் கணக்கில் வருகிறது, நுனி சிறுத்த மைக்ரோ செட்டில் அதே ஒரு மில்லிக்கு 60 சொட்டு.

ஒரு டிராப்பரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாக அமுக்கிப் பாருங்கள், பார்க்கப் பார்க்க அலுக்காத விஷயம் இது. நுனியில் திரவம் உருண்டு தொங்கும், ஆனால் உடனே விழாது, ஏனென்றால் பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பு ஒரு தோல்போல இழுத்துப் பிடிக்கும் விசை, நுனியின் விளிம்பைச் சுற்றி அதை மேலே பிடித்துக்கொண்டிருக்கிறது. எடை கூடிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் அந்தப் பிடியை மிஞ்சும்போது கழுத்து மெலிந்து, நூலாக நீண்டு, அறும். அறுந்த நூலும் சும்மா போகாது, சுருண்டு ஒரு பொடிச் சொட்டாகப் பின்னாலேயே விழும். தொங்கியதில் பத்தில் மூன்று நான்கு பங்கு வரை நுனியிலேயே தங்கி, அடுத்த சொட்டுக்கு முதலாகிவிடும். ஆக, விளிம்பு எவ்வளவு பெரிது, திரவம் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது, இந்த இரண்டும்தான் சொட்டின் எடையை முடிவு செய்கின்றன. 1864-ல் தாமஸ் டேட் என்ற ஆங்கில அறிஞர் இதைச் சோதித்து எழுதினார். கல்லூரி வேதியியல் லேபில் சொட்டு எண்ணிப் பரப்பு இழுவிசை காண்பதும் இதை வைத்துத்தான்.

தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன், தாவர எண்ணெய்களுக்கு 32 பக்கம். அதே டிராப்பரில் எண்ணெய்ச் சொட்டு பாதி அளவுதான் வரும், மில்லிக்கு 40 சொட்டுக்கு மேல் ஆகும். நம் வாசகர் விட்ட 50 சொட்டு ஒன்றேகால் மில்லியைத் தாண்டியிருக்காது, தேவைப்பட்டதோ 2.5 மில்லி. டிராப்பரைச் சாய்த்துப் பிடித்தாலோ வேகமாக அமுக்கினாலோ இதுவும் மாறும். கண்ணளவில் தாராளமாக ஊற்றிவிட்டால் வெயிலில் இலை கருகும்.

இதற்கெல்லாம் நம்ம பக்கம் கைராசி என்று ஒரு பேர் வைத்துவிடுகிறார்கள், எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. ஒரே எண்ணெய், ஒரே செடி, ஒரு வீட்டில் கேட்கிறது, அடுத்த வீட்டில் கேட்கவில்லை என்றால் முதலில் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, எப்படி அளப்பது? மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு 5 மில்லி போதும். காற்றுக்குமிழி இல்லாமல் இழுத்து, கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். கெட்டியான திரவம் மெதுவாகத்தான் ஏறும், அவசரப்பட்டால் காற்றும் சேர்ந்து வரும். முழுக்கத் தள்ளிய பிறகும் மூக்கில் கொஞ்சம் மிஞ்சும், அது கோட்டுக் கணக்கில் சேராதது, அதையும் கழுவி ஊற்றினால் அளவு கூடிவிடும்.

இதைவிட நம்பகமானது எடை. கோவை ராஜ வீதி நகைக்கடைகளில் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு. அரசுப் பள்ளி லேப் ஒவ்வொன்றிலும் இது ஒன்று இருக்க வேண்டும், அதற்குப் பெரிய நிதியெல்லாம் வேண்டியதில்லை. வேப்பெண்ணெய் ஒரு மில்லி சுமார் 0.92 கிராம், அதனால் 2.5 மில்லிக்கு 2.3 கிராம். ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு சின்னக் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, அதில் எண்ணெயை விடுங்கள். எண்ணெய் தண்ணீரோடு கலப்பதற்கான சோப்புக் கரைசலை அப்புறம் சேருங்கள், முதலிலேயே கலந்தால் எது எவ்வளவு என்று தெரியாது. நன்றாக அடித்துக் கலக்கி, ஸ்பிரேயரில் ஊற்றித் தண்ணீரை அரை லிட்டருக்கு நிரப்பி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள்.