மீன் சாகவில்லை, சரி. முட்டை?

குளத்தில் விட்ட மீன் ஏன் பெருகவில்லை என்று கேட்டுப் போன கிழமையும் ஒருவர் வந்தார். இந்த வருடத்தில் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுப் பக்கம் மழைநீர் நிற்கும் குளமொன்றில் கொடுவா மீன் குஞ்சு விட்டிருக்கிறார். "மூண்டு வருசம் சேர், நல்லா வளர்ந்திட்டுது. புதுக்குஞ்சு ஒண்டும் காணேல்லை."

சோடாப் போத்தலில் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு சொட்டை உப்பளக்கும் கருவியான ரிப்ராக்டோமீட்டரில் இட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்து அவரையே பார்க்கச் சொன்னேன். கோடு 6 இல் நின்றது, அதாவது ஆயிரம் பங்கில் 6 பங்கு உப்பு. கடல்நீர் என்றால் 35 அளவில் நிற்கும்.

"மீன் சாகேல்லையே சேர், பிறகென்ன உப்பு?"

இந்தக் கேள்விதான் என் பொறுமையைச் சோதிப்பது. வளர்ந்த கொடுவா நன்னீரிலும் சீவிக்கும், கடலிலும் சீவிக்கும். அதன் முட்டையால் அது முடியாது. உப்புக் குறைந்த நீரில் ஆண்மீனின் விந்து நீந்தாது. கடல்நீரில் மிதக்க வேண்டிய முட்டை அடியில் போய்ச் சேறு மூடிச் செத்துப்போகும். பொரிக்க ஆயிரத்துக்கு 28 முதல் 32 வரை உப்பு வேண்டும். மீன் தாங்குவது வேறு, பெருகுவது வேறு. இரண்டையும் குழப்ப வைத்தது திலாப்பியாதான். இங்கே யப்பான் மீன் என்று சொல்லும் அது நன்னீரிலும் உப்புநீரிலும் குஞ்சு பொரிக்கும், வாயில் வைத்தும் காக்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லா மீனுக்கும் கணக்குப் போடுகிறார்கள்.

இன்னொன்று. கொடுவா ஆணாகப் பிறந்து, சில வருடம் வளர்ந்த பிறகே பெண்ணாகும். பெரியதாகப் பார்த்துப் பிடித்துச் சந்தைக்கு அனுப்பினால் களப்பில் (கடலோடு சேர்ந்த உப்பங்கழியில்) மிஞ்சுவது ஆண்கள் மட்டுந்தான். அப்புறம் எத்தனை மாரி பெய்தென்ன!

இறால் பெருகவும் கடல் வேண்டும். தாய் கடலில் முட்டையிடும், குஞ்சு களப்புக்குள் வந்து வளரும். போகவர வழி வேண்டும்.

ஆகவே, கடலோடு தொடர்பில்லாத குளத்தில் கொடுவா வளர்த்தால் பிடித்து விற்கத்தான். பெருகும் என்று காத்திருக்காதீர்கள். குஞ்சு வாங்கும்போது எந்த உப்பில் வளர்த்தது என்று கேளுங்கள். பையை அப்படியே கவிழ்க்காமல் முதலில் மிதக்க விட்டு, உங்கள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள். கோடையில் வற்றும்போதும் மாரி தொடங்கியதும் இருமுறை உப்பை அளவுங்கள்.

களப்புவாயில் மீனை மறித்துப் பிடிக்கச் சிறகுவலை கட்டுகிற தம்பிமாரே, கோபிக்க வேண்டாம். நடுவில் ஓர் ஓடையையாவது திறந்து விடுங்கள்.