சலாட்டுக்கு வைன்: முதலில் புளியைப் பாருங்கள்

பரிஸ் உணவகங்களின் குசினிகளில் நம் ஆட்கள் மிகப் பலர். பாத்திரம் கழுவத் தொடங்கி, பிறகு சலாட் பகுதிக்கு வந்து, இன்று குசினியையே நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நான் கதவுக்கு மறுபக்கத்தில், மேசைகளுக்கு வைன் தெரிந்து கொடுக்கும் சொமெலியேயாக வேலை செய்கிறேன். இந்தக் கட்டுரை முதலில் குசினியில் நிற்கிறவர்களுக்கு. அப்புறம், வீட்டுக்கு விருந்தினர் வரும்போது ஒரு சலாட்டும் ஒரு போத்தலும் வைக்கிறவர்களுக்கு. வைனை வாயில் வைக்காதவர்களும் இதை வாசிக்கலாம். சலாட்டின் புளி உங்கள் கையில்தான் இருக்கிறது, வைன் ருசிப்பதும் ருசிக்காததும் அதிலேதான் தங்கியிருக்கிறது.

மதிய நேரத்தில் மேசையிலிருந்து அடிக்கடி வரும் முறைப்பாடு, வைன் பழுதாகிவிட்டது என்பது. போத்தலை வாங்கி மணந்து பார்ப்பேன், ஒரு மிடறு சுவைப்பேன். பெரும்பாலும் வைனில் ஒரு குறையும் இருக்காது. தட்டைப் பார்த்தால் சலாட் இருக்கும், இலைகளுக்கு அடியில் வினாகிரி தேங்கி நிற்கும். காற்றுப் பட்ட வைனில் பக்டீரியா பெருகி அல்ககோலை அசெற்றிக் அமிலமாக மாற்றினால் வைன் பழுதாகும். வினாகிரியின் புளிப்பும் நெடியும் அதே அமிலந்தான். அதனால் தட்டிலிருந்து வரும் மணமா, கிளாஸிலிருந்து வரும் மணமா என்று மூக்குக்குப் பிரிக்கத் தெரியாது. வாடிக்கையாளர் சொல்வதில் பொய்யில்லை, அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் படுகிறது. நல்ல போத்தல் ஒன்று வீணாகத் திரும்பிப் போகிறது.

மணம் மட்டுமல்ல, நாக்கும் ஏமாறும். ஒரு லீட்டர் வைனில் வழக்கமாக 5 முதல் 7 கிராம் அமிலம் இருக்கும். இங்கே கடையில் விற்கும் வைன் வினாகிரியில் லீட்டருக்கு 60 கிராமுக்குக் குறையாது. பத்து மடங்கு புளிப்பை நாக்கில் வாங்கிக்கொண்டு உடனே வைனைக் குடித்தால், வைனின் புளிப்பு நாக்குக்கு எட்டாது. பழச்சுவையும் அதோடு போய்விடும். தண்ணீர் கலந்ததுபோலச் சப்பென்று இருக்கும். சலாட்டுக்கு வைன் தெரியும்போது நான் முதலில் கேட்பது இலையின் பெயரை அல்ல, அதன்மேல் ஊற்றிய புளியைத்தான். தட்டில் உள்ள புளிப்புக்கு வைனின் புளிப்பு ஈடுகொடுக்க வேண்டும். கோழியா, மீனா, பாற்கட்டியா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

நம்பிக்கை இல்லையென்றால் வீட்டில் செய்து பாருங்கள். மலிவான வெள்ளை வைன் ஒன்று போதும். ஒரு மிடறு குடியுங்கள். வினாகிரி தோய்ந்த இலை ஒன்றை மென்று விழுங்கிவிட்டு மறுபடி குடியுங்கள். பிறகு வாயைக் கழுவி, எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் உப்பும் மட்டும் போட்ட இலையோடு அதையே செய்யுங்கள். எலுமிச்சையும் கடும் புளிதான், ஆனால் அதில் மூக்கில் ஏறும் அந்த அசெற்றிக் நெடி இல்லை. இரண்டாம் முறை வைன் உயிரோடு இருப்பது தெரியும்.

குசினிக்கு வருவோம். வினிக்ரெட் என்ற பிரெஞ்சுச் சலாட் சோஸின் பழைய அளவு ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு எண்ணெய். வைன் குடிக்கிற மேசைக்கு அந்த வினாகிரி அதிகம். நான்கு, ஐந்து பங்கு எண்ணெய் வரைக்கும் போகலாம். இல்லையென்றால் வினாகிரியில் பாதியைக் குறைத்துவிட்டு எலுமிச்சைச் சாறோ தேசிக்காய்ப் புளியோ சேர்க்கலாம். பிஞ்சுத் திராட்சையைப் பிழிந்தெடுக்கும் வெர்ஜூ கிடைத்தால் இன்னும் நல்லது. அது வைனோடு ஒரே கொடியில் பிறந்த புளி. இதை எங்கள் குசினியில் சலாட் போடும் தம்பி ஒருவரிடம் சொன்னபோது, "வினாகிரி குறைச்சா சப்பெண்டு இருக்குமே அண்ணை" என்றார். "உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுப் பாரும் தம்பி" என்றேன். பெரும்பாலும் விஷயம் அவ்வளவுதான். உப்புக் குறைந்த இடத்தை நிரப்பவே கை வினாகிரிப் போத்தலுக்குப் போகிறது. உப்பு இன்னொரு உதவியும் செய்யும். வைனின் கசப்பையும் துவர்ப்பையும் அது அடக்கும்.

இன்னொரு பழக்கம், வினிக்ரெட்டைக் கரண்டியில் எடுத்து ருசி பார்ப்பது. கரண்டியில் சரியாக இருப்பது இலையில் சரியாக இருக்காது. ஒரு இலையைத் தோய்த்து, உதறி, மென்று பாருங்கள். இலை ஈரமாக இருந்தால் எண்ணெய் அதில் ஒட்டாமல் வழுக்கிக் கீழே இறங்கிவிடும். மேலே ருசி இல்லையென்று இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவீர்கள். தட்டின் அடியில் குளம் சேருவது அப்படித்தான். கழுவிய இலையைச் சுற்றி உலர்த்தும் அந்த இரண்டு நிமிடத்தை எந்த அவசரத்திலும் விடாதீர்கள்.

தேன், பல்சாமிக் கிறீம் போன்ற இனிப்புகள் வினாகிரியைவிடத் தொல்லை. உணவில் இனிப்பு ஏறினால் இனிப்பில்லாத வைன் முரட்டுப் புளிப்பாகத் தெரியும். அப்படிப்பட்ட சலாட்டுக்கு வைனிலும் கொஞ்சம் இனிப்பு மிச்சம் இருக்கவேண்டும். இத்தாலியின் காப்ரேசே சலாட்டின்மேல் அந்தப் பல்சாமிக் கிறீமால் கறுப்பாகக் கோலம் போட்டு அனுப்புவது இப்போது எல்லா இடமும் நடக்கிறது. காப்ரேசே என்பது வெறும் தக்காளி, மொற்சரெல்லாப் பாற்கட்டி, துளசியின் உறவான பசிலிக்கம், எண்ணெய், உப்பு. அதில் வினாகிரியே கிடையாது. அப்படியே விட்டால் அந்தச் சலாட் பிறந்த காம்பானியா பகுதியின் ஃபலங்கீனா வெள்ளை வைன் அழகாகப் பொருந்தும்.

சலாட்டுக்குச் சிவப்பு வைன் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் லியோன் சலாட்டைத்தான் காட்டுவேன். ஃப்ரிசே என்ற சுருட்டையான, மெல்லிய கசப்புள்ள இலை. அதன்மேல் பொரித்த பன்றி இறைச்சித் துண்டுகள், பொரித்த பாண் துண்டுகள், கொதிநீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டை. சூட்சுமம் இங்கேதான்: இறைச்சி பொரித்த சட்டியில் கொழுப்பு சூடாக இருக்கும்போதே வினாகிரியை ஊற்றுவார்கள். சீறிக்கொண்டு ஆவி எழும், கண் கரிக்கும். அந்த ஆவியோடு நெடியின் ஒரு பகுதி போய்விடுகிறது. மிஞ்சியது கொழுப்போடு சேர்ந்து இலையில் படிகிறது. பிறகு சாப்பிடுகிறவர் முட்டையைக் குத்த, மஞ்சள் கரு வழிந்து எல்லாவற்றையும் பூசி மெழுகும். புளிப்பு அங்கே இருக்கும், ஆனால் அடங்கி இருக்கும்.

இதற்குப் பக்கத்து மலைச் சரிவுகளின் பொஜோலே வைன்தான் சரி. அதைச் செய்யும் கமே திராட்சையில் துவர்ப்புக் குறைவு, புளிப்பு நல்லாக உண்டு. போர்தோவின் கனத்த சிவப்பு ஒன்றை வைத்தால் இலையின் கசப்பும் வைனின் துவர்ப்பும் கூட்டுச் சேர்ந்து வாயை இறுக்கிவிடும். பொஜோலேயை 12 முதல் 14 பாகை குளிரில் கொடுங்கள். அறைச் சூட்டில் விட்டால் அதன் துள்ளல் போய்விடும். லியோனில் பூஷோன் எனப்படும் சிறு உணவகங்களில் அடி தடித்த 46 சென்ரிலீட்டர் போத்தலில் இதை ஊற்றி மேசையில் வைப்பார்கள். இருவர் சாப்பிட அளவான போத்தல் அது.

தெற்கே நீஸ் நகரத்துச் சலாட்டுக்கு வேறு குணம். பழைய முறைப்படி தக்காளிக்கு உப்பிட்டு, நெத்தலியோ சூரையோ வைத்து, ஒலிவ், அவித்த முட்டை சேர்த்து ஒலிவ் எண்ணெய் விடுவார்கள். நகரின் முன்னாள் மேயர் ஜாக் மெத்சன், முட்டையைத் தவிர அவித்தது எதுவும் அதில் சேரக்கூடாது, உருளைக்கிழங்கு வரவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். வினாகிரி வாசனை இல்லாததால் வைனுக்கு இது பெரிய நிம்மதி. புரோவான்ஸின் ரோசே என்ற இளஞ்சிவப்பு வைன் எல்லாரும் அறிந்த துணை. நீஸ் நகர எல்லைக்குள்ளேயே பெல்லே என்ற சிறிய வைன் பகுதி இருக்கிறது, அங்கே ரோல் திராட்சையில் செய்யும் வெள்ளை வைன் இதற்கு இன்னும் பொருத்தம் என்பது என் கருத்து. கிடைப்பது அரிது, விலையும் கூட.

ஆட்டுப்பால் பாற்கட்டியைச் சூடாக்கி இலைமேல் வைக்கும் சலாட்டுக்குச் சான்செர் என்ற வெள்ளை வைன். அந்தப் பாற்கட்டிக்குப் பேர்போன ஷவிஞோல் கிராமம் சான்செர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. பாற்கட்டியின் புளிப்பும் சான்செரைச் செய்யும் சோவிஞோன் பிளாங் திராட்சையின் புளிப்பும் ஒரே உயரம். கிரேக்கச் சலாட்டுக்குச் சான்தொரீனித் தீவின் அசிர்திகோ வெள்ளை வைன். அதிலுள்ள ஃபெட்டாப் பாற்கட்டியின் உப்புக்கு அதன் கூர்மை தேவை.

காரம் வந்தால் கணக்கு மாறும். பப்பாசிக்காயைச் சீவி, தேசிக்காய்ப் புளி, மீன் சோஸ், பனஞ்சீனி, மிளகாய் சேர்த்து இடிக்கும் தாய்லாந்துச் சலாட்டில் நான்கு சுவைகள் ஒன்றாக மோதும். அல்ககோல் மிளகாயின் எரிவைக் கூட்டும் என்பதால் 14 வீத வைன் ஒன்றும் இங்கே வேண்டாம். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங் வெள்ளை வைனில் கபினெட் என்ற வகை 8, 9 வீதத்தோடு நிற்கும். நல்ல புளிப்பும் மெல்லிய இனிப்பும் அதில் உண்டு. எங்கள் வல்லாரைச் சம்பலும் தேசிக்காய்ப் புளியும் பச்சைமிளகாயும் சேர்ந்த பச்சை இலைச் சலாட்தானே. தேங்காய்ப்பூவின் இனிப்போடு அந்த ரீஸ்லிங் மிக நன்றாகப் போகும்.

ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காய்கறியை மட்டும் எச்சரிக்கையோடு கையாளுங்கள். அதிலுள்ள சினாரின் என்ற பொருளால் பலருக்கு அதன்பின் குடிக்கும் தண்ணீர்கூட இனிக்கும். வைன் உருத்தெரியாமல் போய்விடும். விலை உயர்ந்த போத்தலை அந்தத் தட்டோடு நான் திறக்கமாட்டேன்.

இனி, சுவையைவிட முக்கியமான ஒன்று. சலாட் இலேசான சாப்பாடு என்பதால் அதோடு வரும் வைனும் இலேசானது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. நடப்பது நேர்மாறு. அல்ககோல் முக்கியமாகச் சிறுகுடலில்தான் இரத்தத்தில் சேரும். கொழுப்பும் புரதமும் மாச்சத்தும் உள்ள சாப்பாடு வயிற்றில் தங்கி அதைத் தாமதிக்கும். வெறும் இலைகள் அப்படித் தங்காது. எடை குறைக்கிறேன் என்று ஒரு பச்சைச் சலாட்டும் இரண்டு கிளாஸும் எடுக்கிறவருக்கு, முழுச் சாப்பாடு சாப்பிட்டவரைவிட விரைவாக ஏறும். அந்த மேசைக்குப் பாண் கூடையைக் கேட்காமலே கொண்டுபோய் வையுங்கள். முட்டையோ பருப்போ உள்ள சலாட்டைச் சொல்லிப் பாருங்கள்.

பிரான்ஸில் ஓர் அலகு என்பது 10 கிராம் அல்ககோல், அதாவது 12 வீத வைனில் 10 சென்ரிலீட்டர். உணவகத்தில் ஊற்றுவது பல இடங்களில் 15 சென்ரிலீட்டர். அது ஒன்றரை அலகு. குடிக்கிறவர்கள் நாளுக்கு இரண்டு அலகுக்கு மேல் போகவேண்டாம், ஒவ்வொரு நாளும் குடிக்கவும் வேண்டாம் என்பது இங்கத்தைய பொதுச் சுகாதார ஆலோசனை. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. வைன் விற்றுச் சம்பளம் வாங்குகிற நான் இதை மறைத்துப் பேச முடியாது. கர்ப்பிணிகளுக்கு ஒரு மிடறும் வேண்டாம். போத்தலின் பின்பக்கத்து லேபிளில் அந்தப் படம் சும்மா போடப்படவில்லை. வாகனம் ஓட்ட இங்கே எல்லை லீட்டர் இரத்தத்தில் 0.5 கிராம். புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்களுக்கு 0.2 கிராம். அது ஒரே கிளாஸில் தாண்டிவிடக்கூடிய அளவு.

நீரிழிவுக்காரர்கள் நம் குடும்பங்களில் அதிகம் என்பதால் இதையும் சொல்லவேண்டும். இன்சுலினோ, சல்ஃபனைல்யூரியா வகை மாத்திரையோ எடுக்கிறவர் மாச்சத்து இல்லாத சலாட்டோடு வைன் குடித்தால் சீனி ஆபத்தாக இறங்கலாம். ஈரல் அல்ககோலை உடைப்பதில் இருக்கும்போது இரத்தத்துக்குச் சீனி விடுவதைக் குறைத்துவிடும். வியர்வை, தடுமாற்றம், குழறல் எல்லாம் வெறி ஏறியதுபோலவே தெரியும். பக்கத்தில் இருப்பவர்கள் தூங்கவிட்டுவிடுவார்கள். அப்படி யாராவது மேசையில் தடுமாறினால் நீரிழிவு உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால், விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு இனிப்பான பானம் கொடுங்கள். மயங்கினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல், பிரான்ஸின் அவசர மருத்துவ உதவி எண்ணான 15ஐ அழையுங்கள்.

குடிக்காத விருந்தினருக்கு வெர்ஜூவில் ஒரு மேசைக்கரண்டி, அரைக் கரண்டி தேன், குளிர்ந்த சோடா. சலாட்டின் புளிக்கு ஈடுகொடுக்கும் பானம் இது, நான் வேலை நேரத்தில் குடிப்பதும் இதைத்தான்.