புரத மடிப்பு: மடிப்பது யார்?

ஆரணிப் பட்டுக் கடையில் புடவையை விரித்துக் காட்டுவார்கள். பிடிக்கவில்லை என்றால் பழைய தடத்திலேயே மடித்து அடுக்கிவிடுவார்கள். ‘புரத மடிப்பு’ (protein folding) என்றதும் வடாற்காட்டுக்காரனான எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது. சிக்கலும் அங்கேதான்.

மடிந்தது தன்வினை, மடித்தது பிறவினை. ‘மடிப்பு’ மடித்தலிலிருந்து வந்த சொல். அப்படியானால் மடிக்க ஓர் ஆள் வேண்டுமே? புரதத்துக்கு அப்படி யாரும் இல்லை. அமினோ அமிலங்கள் கோத்த சரம், தண்ணீரோடு ஒட்டாத பகுதிகளை உள்ளே ஒளித்துக்கொண்டு, தானே சுருண்டு உருவம் கொள்கிறது. (துணைக்கு வரும் புரதங்கள் உண்டு, ஆனாலும் உருவத்தை முடிவு செய்வது சரத்தின் வரிசைதான்.) அமெரிக்க உயிர்வேதியியலாளர் அன்ஃபின்சன் 124 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நொதியை யூரியா முதலியவற்றால் பிரித்துப் போட்டார். அவற்றை நீக்கியதும் அது பழையபடி மடிந்து வேலை செய்தது. 1972 வேதியியல் நோபலில் அவருக்குப் பங்கு கிடைத்தது இந்த ஆய்வுக்காகத்தான்.

சரி, ‘மடிவு’ என்று வைக்கலாமா? மடிதல் என்றால் சாவு, மடி என்றால் சோம்பல். அதைக் கண்டிக்க வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். வேண்டாம். வயிற்றில் மடிப்பு ‘விழுகிறது’ என்கிறோமே, யார் மடித்தார்கள்? ‘மடிப்பு’ என்பதே இருக்கட்டும்.

‘புரதம்’ ஒலியை ஒட்டி வந்தது. ‘புரோட்டீன்’ என்ற மூலச் சொல்லை 1838-இல் டச்சு வேதியியலாளர் முல்டர் வழக்குக்குக் கொண்டுவந்தார்; யோசனை சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸுடையது. கிரேக்கத்தில் ‘முதன்மையானது’ என்று பொருள். பட்டு நூலும் புரதம்தான். அதனுள் சங்கிலிகள் அடுத்தடுத்துப் படிந்து ஏறி இறங்கும். அந்த அமைப்புக்கு ‘கொசுவம்’ என்றே பெயர் வைத்திருக்கலாம்.

மடிப்பு தவறினால் ‘பிறழ்மடிப்பு’. அல்சைமர் என்னும் மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத் திரள் இந்த வகை. பிரியான் என்ற புரதம் இன்னும் மோசம்: பிறழ்ந்த ஒன்று பக்கத்திலிருக்கும் நல்லதையும் தன்னைப்போலவே பிறழ வைத்துவிடும்.

வேலூரில் எங்கள் பாட்டி, “கண்ணுல கஞ்சித்தண்ணி ஊத்தனா மாதிரி இருக்குது” என்றாள். கண்புரை. கண்வில்லையிலுள்ள கிரிஸ்டாலின் புரதங்கள் வயதாக ஆக உருவம் கெட்டு, ஒன்றோடொன்று திரண்டு, ஒளியைச் சிதறடிக்கின்றன. முட்டையை வேகவைத்தால் கண்ணாடி போலிருந்த வெள்ளைக்கரு வெளுத்துப்போவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதற்கு ‘இயல்பிழத்தல்’ என்று பெயர். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாது. அதனால்தான் சொட்டுமருந்தை நம்பி உட்காராமல், வில்லையையே எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கிறார்கள். பாட்டிக்கும் அதைத்தான் செய்தோம்.