சகவீரர் பக்கத்தில் இருந்தால் கால்கள் ஏன் கூடுதலாக ஓடுகின்றன?

கூடைப்பந்துப் பயிற்சியில் எல்லாரும் வெறுக்கும் ஒரு ஓட்டம் உண்டு. முனைக்கோட்டிலிருந்து கிளம்பி, அருகிலுள்ள கோட்டைத் தொட்டுத் திரும்பி, அப்புறம் நடுக்கோடு, அப்புறம் எதிர்முனை என்று மூச்சு முட்ட ஓட வேண்டும். கோச்சுகள் பலர் இதில் ஒரு நிபந்தனை வைப்பார்கள்: குறித்த நேரத்துக்குள் ஒருவர் வந்து சேராவிட்டாலும் மொத்த அணியும் மறுபடி ஓட வேண்டும். தனியாக ஓடும்போது மூன்றாவது சுற்றில் நின்றுவிடும் கால்கள், இந்த நிபந்தனை வந்ததும் ஐந்தாவது சுற்றையும் முடித்துவிடும். அதே நுரையீரல், அதே கால்கள். கூடுதல் பலம் எங்கிருந்து வந்தது?

கூட்டமாகச் சேர்ந்தாலே உற்சாகம் வந்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. நேர்மாறாகவும் நடக்கும். பிரான்ஸைச் சேர்ந்த வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான், ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து பார்த்தார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு ஏறக்குறைய பாதிப் பலம்தான் வெளிப்பட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்காதது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. 1974இல் வேறு ஆய்வாளர்கள் ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்து, அவரை மட்டும் இழுக்கவிட்டார்கள். அப்போதும் அவர் கை தளர்ந்தது. தன் பங்கு தனியாகத் தெரியாது என்று தோன்றிவிட்டால் உடம்பு தானாகவே சிக்கனம் பிடிக்கிறது.

அப்படியானால் கோட்டுக்குக் கோடு ஓடும்போது மட்டும் ஏன் தளரவில்லை? இதற்கான விடை 1920களில் பெர்லினில் கிடைத்தது. ஓட்டோ கோலர் என்ற உளவியலாளர், படகோட்டும் சங்கத்தைச் சேர்ந்தவர்களை இரண்டிரண்டு பேராக ஒரே எடைக்கம்பியைப் பிடித்துத் தூக்கி இறக்கச் சொன்னார். ஒருவர் ஓய்ந்தால் இருவருக்கும் முடிந்தது. மற்றவரால் தனியே தூக்க முடியாது. இந்த ஏற்பாட்டில் பலம் குறைந்தவர், தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இதைக் கோலர் விளைவு என்கிறார்கள். இதில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன: பக்கத்திலிருப்பவரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பது ஒன்று, ‘நான் விட்டுவிட்டால் எல்லாம் போச்சு’ என்ற உணர்வு மற்றொன்று.

கோலரின் முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. இருவரும் கிட்டத்தட்ட சமபலமாக இருந்தால் பலன் குறைவு. ஒருவர் எட்டமுடியாத அளவுக்கு வலுவாக இருந்தாலும் குறைவு. கொஞ்சம் எம்பினால் பிடித்துவிடலாம் என்ற தூரத்தில் துணை இருக்கும்போதுதான் பலவீனமானவர் தன் எல்லையைத் தாண்டுகிறார். பயிற்சியில் யாருக்கு யாரை ஜோடி சேர்ப்பது என்று யோசிக்கும் கோச்சுக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் கிடைப்பது அரிது. அணியின் நட்சத்திரத்தைப் புதுமுகத்தோடு மோதவிட்டால் புதுமுகம் மனம் விட்டுப்போவார். அவரைவிட ஒரு படி மேலே இருப்பவரோடு தினமும் மோதவிட்டால் இருவருமே வளர்வார்கள்.

டிஃபென்ஸும், அதாவது எதிரணியைப் புள்ளி எடுக்கவிடாமல் தடுப்பதும், அந்த எடைக்கம்பி மாதிரிதான். ஐந்து பேரில் ஒருவர் இடம் மாறத் தாமதித்தால் எதிராளி நேராகக் கூடைக்குப் போய்விடுவார். மற்ற நால்வரின் உழைப்பும் வீண். புள்ளி எடுப்பதை ஒரு நட்சத்திரம் இழுத்துக்கொண்டு போகலாம், தடுப்பதை அப்படி ஒருவர் தலையில் கட்ட முடியாது. சகவீரர்களின் உந்துதல் முதலில் டிஃபென்ஸில் தெரிவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முதலில் கண்ணில் பட வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்தோடு திரும்பிய அமெரிக்க அணி, 2008க்காக லாஸ் வேகஸில் கூடியது. ஓர் இரவு வெளியே போய்விட்டு விடியும் நேரத்தில் திரும்பிய சில வீரர்கள், கோபி பிரையன்ட் அப்போதே பயிற்சிக்குக் கிளம்பியதைப் பார்த்தார்கள். சில நாட்களில் லெப்ரான் ஜேம்ஸும் டுவேன் வேடும் அந்த அதிகாலைப் பயிற்சியில் சேர்ந்துகொண்டார்கள். பெய்ஜிங் இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 118-107 என்று வென்று தங்கம் வாங்கினார்கள்.

ஆனால் பிறர் கண் எப்போதும் உதவாது. பக்கத்தில் ஆள் இருந்தால் நன்கு பழகிய செயல் மெருகேறும், புதிதாகக் கற்கும் செயல் தடுமாறும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸாயோன்ஸ் 1965இல் விளக்கினார். பத்தாயிரம் முறை எறிந்து பழகியவர் பார்வைக்கு முன் ஜொலிப்பார். எறியும் முறையையே மாற்றிக்கொண்டிருப்பவர் சொதப்புவார். அந்தச் சமயத்தில் தேவைப்படுவது, கூடைக்கு அடியில் நின்று ஒவ்வொரு பந்தையும் எடுத்து அலுக்காமல் திருப்பி எறியும் ஒரு நண்பர். தவறவிட்ட எறிகளை எண்ணாத நண்பர்.

யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ தவறினாலும் சகவீரர்கள் வந்து அவர் கையில் தட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் 2008-09 பருவத் தொடக்க ஆட்டங்களில் இப்படிப்பட்ட தொடுதல்களை எண்ணினார்கள்: கையோடு கை தட்டுவது, முஷ்டியோடு முஷ்டி இடிப்பது, தோள் அணைப்பு. அதிகம் தொட்டுக்கொண்ட அணிகள் பின்னர் நன்றாக ஆடின. தொடுதல்தான் வெற்றி தந்தது என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த அணிகளில் ஒத்துழைப்பு அதிகம் இருந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள். அது யோசிக்க வைக்கிறது.

உந்துதல் வரம்பு மீறியும் போகும். 1995இல் என்பிஏ அணியான சிகாகோ புல்ஸின் பயிற்சியில் மைக்கேல் ஜோர்டன், சகவீரர் ஸ்டீவ் கெர்ரை விடாமல் சீண்டினார். கெர் பணியவில்லை. ஜோர்டன் அவர் முகத்தில் குத்திவிட்டார், பிறகு தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். அந்தக் குத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். உறவைச் சரிசெய்தது அந்த மன்னிப்பும், அடுத்தடுத்த நாட்களில் இருவரும் ஒரே களத்தில் உழைத்ததும்தான். 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், எண்ணிக்கை 86-86. கடைசி டைம் அவுட்டில் ஜோர்டன் கெர்ரிடம் தயாராக இருக்கச் சொன்னார். எதிரணியின் ஜான் ஸ்டாக்டன் என்னைவிட்டு உங்கள் பக்கம் வந்தால் நான் தயார் என்றார் கெர். அப்படியே ஸ்டாக்டன் ஜோர்டனை நோக்கி ஓடினார். பந்து கெர்ரின் கைக்குப் போனது. ஐந்து விநாடி மீதமிருக்க வலைக்குள் விழுந்தது.