கோயில் பழம்பொருளைப் பதிந்தால் அரசு எடுத்துக்கொள்ளுமா?

பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையார் கட்டிய கிறிஸ்தவ ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது. இடையன்குடியில் கால்டுவெல் எழுப்பிய ஆலயம் 1880இல். நெல்லைச் சீமையில் நூறு வயது தாண்டிய கிறிஸ்தவக் கோயில்கள் இன்னும் எத்தனையோ உண்டு. அவற்றின் வெஸ்திரி (போதகர் அங்கி மாற்றும் அறை) பீரோக்களில் நற்கருணைக் கிண்ணமோ ஞானஸ்நானப் பதிவேடோ துணியில் சுற்றிக் கிடக்கும். "வெளியே தெரிஞ்சா கவர்மென்ட் எடுத்துட்டுப் போயிரும்" என்று சபையார் எடுத்துக் காட்டவே தயங்குவார்கள்.

அந்தப் பயம் வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள், கலைக் கருவூலங்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவு, இழப்பீடு தந்து தொல்பொருளைக் கையகப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் வழிபாட்டில் உண்மையாகவே பயன்படும் பொருளுக்கு அந்த அதிகாரம் செல்லாது என்று அதே பிரிவு சொல்லிவிடுகிறது. இந்தச் சட்டப்படி பொருளை அரசிடம் பதிவு செய்வதால் உரிமை கைமாறாது. பொருள் கோயிலிலேயே இருக்கும், காட்சிக்கும் வைக்கலாம்.

நூறு ஆண்டு ஆன பொருள் தொல்பொருள். கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 ஆண்டும் வரலாற்று மதிப்பும் போதும். எல்லாவற்றையும் பதிய வேண்டியதில்லை. கல், சுடுமண், உலோகம், மரம், தந்தம் போன்றவற்றாலான சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள் ஆகியவற்றுக்குத்தான் பதிவு கட்டாயம். புகைப்படத்தோடு பதிவு அலுவலரிடம் விண்ணப்பித்தால் சான்றிதழ் தருவார்கள். பிறகு பொருள் கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பதிந்ததோ பதியாததோ, எந்தத் தொல்பொருளையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

எனக்கு மிகவும் கவலை தருவது புதுப்பிப்பு வேலைதான். கட்டடத்திலிருந்து கழற்றிய பகுதியும் நூறு ஆண்டு கடந்திருந்தால் தொல்பொருளே. சித்திரவேலை உள்ள பழைய பிரசங்க பீடத்தை விறகு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். கடைக்கால் தோண்டும்போது காசோ பாத்திரமோ கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் சபையே வைத்துக்கொள்ளக் கூடாது.

காட்சிக்கு வைக்கப் பெரிய செலவு இல்லை. வெயில் படாத சுவரோரம் பூட்டுள்ள கண்ணாடி அலமாரி ஒன்று போதும். பதிவேட்டை லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு தாளைப் பிரிக்கவே முடியாது. பக்கங்களைப் படமெடுத்து, பேர் தேடி வருகிறவர்களுக்கு நகலைக் கொடுங்கள். ஒவ்வொரு பொருளையும் நாலு பக்கமும் படமெடுத்து, அளவும் எடையும் எழுதி, ஒரு பிரதியைக் கோயிலுக்கு வெளியேயும் வையுங்கள். திருட்டுப் போனால் போலீஸ் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.