ஆவாரம்பூ கூட்டும் வாய்க்குள் ஒரு டேனரியும்

பேரணாம்பட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆவாரம்பூ கூட்டுல பாசிப்பருப்பைக் குறைச்சுப் போட்டா நாக்கு இழுத்துப் பிடிக்குது, கூடப் போட்டா தெரியவே மாட்டேங்குது, ஏன்?" இதற்குப் பதில் அவர் ஊர் டேனரிகளிலேயே, அதாவது தோல் பதனிடும் ஆலைகளிலேயே, இருக்கிறது.

வி.கோட்டா போகும் மலைச்சாலையில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவாரை, ஆந்திர எல்லையைத் தாண்டினால் தெலுங்கில் தங்கேடு. தெலங்கானாவுக்கு மாநில மலரே அதுதான். இதழ்களை மட்டும் உருவி, அலசி, வேகும் பருப்பில் போட்டுத் தாளித்தால் கூட்டு ரெடி. அதே செடியின் பட்டையை வைத்துத்தான், குரோமிய உப்பால் பதனிடும் முறை வருவதற்கு முன்னால், தென்னிந்தியாவில் ஏராளமான தோலைப் பதனிட்டார்கள். காரணம் டானின் என்ற துவர்ப்புப் பொருள், பூவிலும் அது உண்டு.

பச்சைத் தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம், அப்படியே விட்டால் அழுகிவிடும். டானின் மூலக்கூறுக்கு உடம்பெல்லாம் கை, அதாவது ஹைட்ராக்சில் தொகுதிகள். அந்தக் கைகளால் பக்கத்துப் பக்கத்துப் புரத இழைகளைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. கிருமிகளால் அதன்பிறகு எளிதில் அரிக்க முடியாது, தோல் தோலாக நிற்கிறது. இப்போது வாய்க்கு வாருங்கள். எச்சில் 99 சதவீதம் தண்ணீர்தான் என்றாலும் மிச்சத்தில் இருக்கும் புரதங்கள்தான் நாக்கை வழுக்க வைக்கின்றன. அவற்றில் சில, புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்தவை. புரோலின் இருக்கும் இடத்தில் இழை ஒழுங்காகச் சுருண்டு உட்காராது, பிரிந்த நூல்கண்டு மாதிரி விரிந்தே கிடக்கும், டானினுக்கு அது கொண்டாட்டம். நாலைந்து இழைகளைச் சேர்த்துப் பிடித்ததும் திரிதிரியாகத் திரண்டுவிடும், வழுவழுப்பு போய் நாக்கு அண்ணத்தில் சாக்குத்துணி போல உரசும். நம்பாவிட்டால் நாவல்பழத்தைத் தோலோடு நன்றாக மென்று வெள்ளைக் கிண்ணத்தில் துப்பிப் பாருங்கள், ஊதா நிறத்தில் அந்தத் திரிகளைக் காணலாம். (வீட்டில் திட்டு வாங்கினால் நான் பொறுப்பல்ல.)

அப்படியானால் துவர்ப்பு சுவையா, தொடு உணர்ச்சியா? தொடு உணர்ச்சி என்ற பக்கம்தான் ஆய்வாளர்கள் அதிகம் சாய்கிறார்கள், விவாதம் முடிந்தபாடில்லை. அறுசுவையில் அதற்கும் ஓர் இடம் போட்டு வைத்த நம் ஆட்கள் கவனித்துச் சாப்பிட்டவர்கள் என்பது என் கட்சி.

சரி, பருப்பு. நூறு கிராம் பாசிப்பருப்பில் சுமார் 24 கிராம் புரதம். டானினின் கைகள் சட்டியிலேயே பருப்பைப் பிடித்துக்கொண்டால், வாய்க்கு வரும்போது எச்சிலைப் பிடிக்கக் கை மிச்சம் இருக்காது. கடும் டீயில் பால் ஊற்றுவதும் இதே கதைதான்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொல்லிக்கொண்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்துபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கூட்டு சாப்பிடுங்கள், மாத்திரையையும் போடுங்கள். பட்டைப் பதனிடலை மீண்டும் கொண்டுவரும் ஆராய்ச்சிக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்கலாம் என்றும் தோன்றுகிறது, குரோமியக் கழிவால் பாலாறு பட்டது போதும். சென்னை அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே.

வாசகிக்கு ஒன்று: பருப்பு குறைவாக இருந்தால் கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கிப் பாருங்கள். அதிலும் கொஞ்சம் புரதம் உண்டு, கொழுப்பு நாக்குக்கு வழுவழுப்பையும் திருப்பித் தரும்.